பராமரிப்பு அன்று, பேணல்

பெண்களின் வேலைவாய்ப்பையும் குடும்பங்களின் மாற்றத்தையும் பற்றிய அறிக்கைகள் தமிழில் வரும்போதெல்லாம் 'பராமரிப்புப் பொருளாதாரம்', 'ஊதியமற்ற பராமரிப்புப் பணி', 'பராமரிப்புக் கொள்கை' என்னும் தொடர்கள் மறுபரிசீலனையே இல்லாமல் எடுத்தாளப்படுகின்றன. குழந்தையைக் குளிப்பாட்டி ஊட்டுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, நோயாளிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, இவற்றுக்காகச் சமைப்பது, துவைப்பது ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் 'கேர்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ் 'பேணல்' என்பது என் துணிபு. 'பராமரிப்பு' அதற்கு ஈடாகாது.

முதலில் சொற்பிறப்பு. 'கேர்' என்பது பழைய ஆங்கிலத்தில் துயரத்தையும் கவலையையும் குறித்த சொல். ஒருவருக்காகக் கவலைப்படுவது என்ற பொருளிலிருந்து அவரைக் கவனித்துக்கொள்வது என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. 'பராமரி' என்பது தொடுதல், ஆராய்தல் என்னும் பொருளுடைய 'பராமர்ச' என்ற வடசொல்லின் வழிவந்தது. ஆதரித்தல் என்ற பொருள் தமிழில் அதனோடு சேர்ந்துகொண்டது. 'பேண்' தமிழ் வேர்; போற்றுதல், விரும்புதல், மதித்தல், பாதுகாத்தல் ஆகிய நான்கு பொருளும் அதற்கு உண்டு. வடமொழிப் பிறப்பை மட்டும் காரணம் காட்டி ஒரு சொல்லைத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. என் மறுப்பு முழுவதும் தெளிவைப் பற்றியது.

'பராமரிப்பு' இன்று எங்கே வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பில் அது இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணத்தில் இருக்கிறது. சாலை, ஏரி, மின்தூக்கி, இணையதளம் என எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழுது வராமல் பார்ப்பதும், வந்தால் நீக்கி முன்பிருந்த நிலைக்கே கொண்டுவருவதும்தான் இங்கெல்லாம் அதன் பொருள். குழந்தையை யாரும் முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவதில்லை, அது வளர்கிறது. மறதிநோய் கண்ட முதியவரையும் அப்படிக் கொண்டுவர முடியாது, அவர் நாளுக்கு நாள் தளர்கிறார். இரண்டு இடத்திலும் நடப்பது ஓர் ஆள் இன்னோர் ஆளுக்குத் தன் நேரத்தையும் உடலுழைப்பையும் மனத்தையும் கொடுப்பது. பொருள்களைச் செப்பமாக வைத்திருப்பதற்கு உரிய சொல்லை இதன்மேல் ஏற்றும்போது, கொடுக்கும் ஆள் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். மறைபவர் பெரும்பாலும் பெண் என்பதால் இதை வெறும் அகராதிச் சிக்கலாக என்னால் கருத முடியவில்லை.

சட்டத் தமிழ் இந்தக் குழப்பத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதில் 'பராமரிப்பு' என்பது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கு வழிசெய்வதைக் குறிக்கும்; பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத ஒரு தொகையைக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம். இந்தப் பொருளுக்கு இலங்கைத் தமிழில் 'தாபரிப்பு' என்ற தனிச்சொல் வழங்குகிறது. நமக்கும் 'ஜீவனாம்சம்' இருந்தது. பணத்துக்கும் பணிவிடைக்கும் ஒரே சொல்லை நாம் வைத்துக்கொண்டதால், 'முதியோர் பராமரிப்புக் கொள்கை' என்று படிப்பவர் மனத்தில் தொகைதான் எழுகிறது. யார் பக்கத்தில் இருப்பார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. அந்தச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைச் சொல்லிற்று. எத்தனையோ வீடுகளில் உண்மையாகவே மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளை அதில் காணோம்.

இன்றைய கொள்கை விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். உலக அளவில் பேணல் பொறுப்பால் வேலைக்குப் போக இயலாத பெண்கள் 60.6 கோடிப் பேர், ஆண்கள் 4.1 கோடிப் பேர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணித்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே 1.8 ஆகக் குறைந்திருந்தது. ஒரே பிள்ளை வெளியூரில், மருமகளும் வேலையில் என்ற குடும்பம் இன்று எந்தத் தெருவிலும் உண்டு. வீட்டில் பணம் இருந்தும் கை இல்லை என்பதே அவர்கள் நிலை.

ஜப்பான் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே எதிர்கொண்டது. அங்கே முதியோரைப் பேணுவது வழக்கமாக மருமகளின் கடமையாக இருந்தது. 1983-இல் ஹிகுச்சி கெய்கோ முதலியோர் தொடங்கிய பெண்கள் அமைப்பு, 'கைகோ' என்று அவர்கள் சொல்லும் பேணலைக் குடும்பத்தின் தோளிலிருந்து சமூகத்தின் தோளுக்கு மாற்ற வேண்டும் என்று வாதாடியது. 1997-இல் சட்டம் நிறைவேறி, 2000 ஏப்ரலில் கைகோ காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதை எட்டியவர்கள் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். 1995-இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனி, வீட்டிலேயே பேணும் குடும்பத்துக்குப் பணம் தரவும் இடம் வைத்தது. ஜப்பான் பணம் தர மறுத்து, வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேர மையம் போன்ற சேவைகளை மட்டும் தந்தது. பணம் தந்தால் அது மருமகளை வீட்டிலேயே கட்டிப்போடும் என்று பெண்கள் அமைப்புகள் எச்சரித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பணம் வேறு, பேணல் வேறு என்று பிரித்துப் பார்த்ததனால் எழுந்த வாதம் இது. இரண்டையும் 'பராமரிப்பு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் மொழியில் இந்த வாதத்தை விளக்கிச் சொல்வதே கடினம்.

'பேணல்' என்பதற்கும் மறுப்புகள் உண்டு. 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணி' என்ற குறள் பேணுவதை மனைவியின் இலக்கணமாக்குகிறதே, பெண்மேல் சுமத்தப்பட்ட சொல்லையே மறுபடியும் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்வி. ஆனால் 'பெரியாரைப் பேணாது ஒழுகின்' என்று அதே வள்ளுவர் எல்லோர்க்கும் பொதுவாகவும் அச்சொல்லை ஆள்கிறார். உண்மையில் தாய்க்கே உரியதாக வகுக்கப்பட்டது புறநானூற்றின் 'ஈன்று புறந்தருதல்'. அதனால்தான் அழகான அந்தச் சொல்லை நான் பரிந்துரைக்கவில்லை. 'ஓம்பல்' விருந்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. பேச்சுவழக்கின் 'பார்த்துக்கொள்வது' எல்லாவற்றிலும் உயிருள்ளது என்றாலும், கூட்டுச்சொற்களுக்கு அது வளைந்து கொடுக்காது. பதிவேட்டையும் தூய்மையையும்கூடப் பேணுகிறோமே என்பார்கள். ஆம், ஆனால் அங்கும் மதிப்பு என்ற பொருள் அச்சொல்லை விட்டு நீங்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை, அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு நின்றுவிடுகிறார்கள் என்பது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வசதி வேண்டும் என்று மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அதைக் 'காப்பகம்' என்று எழுதுகிறார்கள். ஆதரவற்றோருக்கும் வனவிலங்குக்கும் வழங்கும் சொல்லை, தாய் காலையில் விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் குழந்தையின் இடத்துக்கு ஏன் வைக்க வேண்டும்? 'மழலையர் பேணகம்' என்றால் பொருளும் பொருந்தும், தொனியும் பொருந்தும். கவனத்தோடு சொல் தேர்ந்ததற்கும் நம்மிடம் சான்று உண்டு: 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதை 'உதவித்தொகை' என்னாமல் 'உரிமைத் தொகை' என்றார்கள். அந்த ஒரு சொல்லால், வீட்டில் உழைத்தவர் கேட்டுப் பெறும் உரிமை பெற்றவரானார்.

ஆகவே 'கேர்' பேணல். அதைச் செய்பவர் பேணுநர். அதைப் பற்றிய அரசின் கொள்கை பேணல் கொள்கை. ஊதியமின்றிச் செய்யப்படுவது ஊதியமற்ற பேணற்பணி. 'பராமரிப்பு' சாலைக்கும் மின்கம்பிக்கும் இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொகைக்கு ஈழத்தவரின் 'தாபரிப்பு' என்ற சொல்லையே நாமும் ஏற்கலாம்.