எச்.ஐ.வி. இல்லையா? ஹெபடைடிஸ் சி-யையும் பார்த்துவிடுங்கள்

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் 'நான்-ரியாக்டிவ்' (தொற்று தென்படவில்லை) என்ற தாள் கைக்கு வந்ததும் பலரும் நிம்மதியாக பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தத் தாளில் இருப்பது எச்.ஐ.வி. முடிவு மட்டும்தான். ரத்தம் வழியாகவே பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்குத் தனிப் பரிசோதனை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் கண்டறியப்பட்டதே வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்தான். அத்தனை பழக்கப்பட்ட ஊரிலும் இந்த இன்னொரு கிருமியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், திருவிழாவில் பலருக்கும் ஒரே ஊசியில் பச்சை குத்தும் இடத்தில் குத்திக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ள அனைவரும் கட்டாயம் பார்க்க வேண்டும். "ஊசி புதுசுதானே போட்டேன்" என்பார்கள். மருந்து கரைத்த ஸ்பூன், வடிகட்டிய பஞ்சு, கழுவிய தண்ணீர் பொதுவாக இருந்தால் அதுவே போதும். சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கண் மஞ்சளானால் பார்த்துக்கொள்ளலாம், கீழாநெல்லி அரைத்துக் குடிக்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பெரும்பாலானோருக்குக் காமாலையே வராது. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரல் சுருங்கும். எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

முதலில் ஆன்டிபாடி சோதனை, அதாவது கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது ரியாக்டிவ் என்றால் கிருமி எப்போதோ உள்ளே வந்தது என்றுதான் பொருள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது தானாகவே போயிருக்கும். இப்போதும் இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் கிருமியையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். இந்த இரண்டாவது சோதனைக்கு வராமல் நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். தொற்று ஏற்பட்டு இரண்டு, மூன்று மாதம் ஆகாதவர்களுக்கும், எச்.ஐ.வி.யால் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும் ஆன்டிபாடி தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் அவர்களுக்கும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும்.

கிருமி இருந்தால், ஈரல் சுருங்காதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்ளாடஸ்விர் 60 மி.கி. என்ற மாத்திரைகள், தினமும் ஒரு வேளை, 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தால் டக்ளாடஸ்விரை 90 மி.கி. ஆக்க வேண்டும். ஈரலைத் தாக்கும் இன்னொரு கிருமியான ஹெபடைடிஸ் பி-யும் பார்த்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும். சி அடங்கும்போது பி தலைதூக்கலாம்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்ப்பார்கள். கிருமி இல்லை என்றால் குணம். அதன் பிறகும் ஆன்டிபாடி ரியாக்டிவ் என்றே வரும். அந்தத் தாளைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து தேட வேண்டியதில்லை. ஆனால் ஊசி பகிர்ந்தால் தொற்று திரும்பவும் வரும், தடுப்பூசி கிடையாது.