காணாமல் போன ஒரு வரி

தொலைவில் இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வருக்குள் அதன் நிர்வாகி நுழையும் வாசல் பெரும்பாலும் ஓபன்எஸ்எஸ்எச் என்ற மென்பொருள்தான். அதை எழுதிப் பராமரிப்பவர்கள் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலர்கள். 1995இல் தியோ டி ராட் கனடாவின் கால்கரியில் இருந்தபடி, நெட்பிஎஸ்டியிலிருந்து கிளை பிரித்துத் தொடங்கிய யூனிக்ஸ் வகை இயங்குதளம் அது. மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கும். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம்.

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த வாசலில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தார்கள். கடவுச்சொல் எதுவும் தெரியாத ஒருவர், லினக்ஸ் சர்வரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்றார்கள். இந்தப் பிழை முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2006இல். அப்போதே அடைக்கவும் பட்டது. அடைத்த ஓட்டை எப்படி மீண்டும் திறந்தது? அதைவிட முக்கியமாக, அதே நிரலை ஓட்டும் ஓபன்பிஎஸ்டி மட்டும் ஏன் பாதிக்கப்படவில்லை? ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் படித்ததில்லை.

சர்வரோடு தொடர்பு கொள்ளும் ஒருவர் தன்னை நிரூபித்து உள்ளே வர, ஓபன்எஸ்எஸ்எச் வழக்கமாக 120 விநாடி அவகாசம் தருகிறது. அதற்குள் வராவிட்டால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒரு மணி அடிக்கும். யூனிக்ஸில் இதற்கு சிக்னல் என்று பெயர். சிக்னல் வந்ததும் நிரல் எந்த வேலையில் இருந்தாலும், எந்த வரியில் நின்றாலும், அதை அப்படியே போட்டுவிட்டு, சிக்னலுக்கென்று எழுதிவைத்த தனிச் செயல்கூற்றுக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, ஓட வேண்டும். ஓபன்எஸ்எஸ்எச்சில் அந்தச் செயல்கூறு செய்யும் வேலை மிக எளியது: "இன்னாருக்கு நேரம் முடிந்துவிட்டது" என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடர்பைத் துண்டிப்பது. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகத்திலுள்ள சிஸ்லாக் என்ற செயல்கூறு அழைக்கப்படுகிறது. வில்லங்கம் அங்கேதான்.

லினக்ஸில் சிஸ்லாக் ஒரு வரி எழுதுவதற்கே மாலக் என்ற செயல்கூற்றிடம் நினைவகம் கேட்கக்கூடும். நினைவகத்தை மனைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பத்திர எழுத்தர் என்று மாலக்கைச் சொல்லலாம். பெரிய மனை ஒன்று காலியாக இருக்கிறது. கேட்டவருக்குச் சிறிய துண்டு போதும். எழுத்தர் மனையை இரண்டாகப் பிரிக்கிறார். முதல் துண்டு கேட்டவருக்கு. மீதித் துண்டைக் காலி மனைகளின் பட்டியலில் சேர்க்கிறார். அடுத்து அதன் பரப்பளவை எழுத வேண்டும். பட்டியலில் சேர்த்துவிட்டார், பரப்பளவை இன்னும் எழுதவில்லை. சரியாக அந்த நொடித்துளியில் மணி அடிக்கிறது.

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு ஓடுகிறார். ஓடிய இடத்தில் சிஸ்லாக் நிற்கிறது. அதற்கும் ஒரு மனை வேண்டுமாம். அரைகுறையாக விட்டுவந்த அதே பட்டியலைத்தான் அவர் திரும்பத் திறக்க வேண்டும். மீதித் துண்டு பட்டியலில் இருக்கிறது. பரப்பளவு இருக்க வேண்டிய இடத்திலோ, அந்த நினைவகத்தை முன்பு வேறு எதற்கோ பயன்படுத்தியபோது எழுதிய பழைய எண் அழியாமல் கிடக்கிறது. அந்தப் பழைய எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்தவர் வாசலில் நிற்கும் திருடர் என்றால்? இரண்டு ஏக்கர் நிலத்தை இருபது ஏக்கர் என்று நம்பி எழுத்தர் பத்திரம் போட்டுக் கொடுப்பார். அடுத்தவர் நிலமும் அதில் சேர்ந்து போய்விடும். குவாலிஸ் செய்து காட்டிய தாக்குதலின் உயிர்நாடி இதுதான்.

அந்த நொடித்துளியைப் பிடிப்பது எளிதல்ல. லினக்ஸின் ஒரு வகையான டெபியன் ஓடும் 32 பிட் கணினியில் சராசரியாக 10,000 முயற்சிகள் தேவைப்பட்டன. நூலகம் நினைவகத்தில் எந்த இடத்தில் ஏற்றப்பட்டது என்பதையும் ஊகிக்க வேண்டியிருந்ததால், முழு அதிகாரம் கைக்கு வர 6 முதல் 8 மணி நேரம் ஆனது. ஒரே இரவு போதும். வெளியாரோடு பேசும் பகுதியை அதிகாரம் குறைந்த தனிப் புரோசஸில் அடைத்துவைப்பது ஓபன்எஸ்எஸ்எச்சின் பெருமைக்குரிய ஏற்பாடு. இந்தச் செயல்கூறோ முழு அதிகாரம் கொண்ட பகுதியிலேயே ஓடியதால், அந்த ஏற்பாடும் இங்கே கைகொடுக்கவில்லை.

2006இல் போட்ட திருத்தம் சின்னஞ்சிறியது. சிஸ்லாக்கைப் பாதுகாப்பாக அழைக்க முடியாத இயங்குதளமாக இருந்தால், பதிவு எதுவும் எழுதாமல் உடனே வெளியேறு என்று ஒரு நிபந்தனை வரி. 2020 அக்டோபரில் பதிவெழுதும் பகுதி முழுவதையும் நிரலர்கள் சீரமைத்தார்கள். அப்போது அந்த வரி தவறுதலாக விடுபட்டது. 2021இல் வெளியான 8.5 பதிப்பிலிருந்து ஓட்டை மீண்டும் திறந்துகொண்டது.

இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று கேட்பது எளிது. திருத்தங்கள் கைமாறும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு நிரலர் முழுக் கோப்பையும் அனுப்புவதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புகிறார். நீக்கிய வரியின் முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரியின் முன்னால் கூட்டல் குறி, சூழல் தெரிவதற்காக மேலும் கீழும் மாறாத சில வரிகள். அந்த வேறுபாட்டைப் படித்துக் கோப்பில் ஒட்டித் தரும் பேட்ச் என்ற நிரலை லாரி வால் 1985இல் எழுதினார். திருத்தத்துக்கே பேட்ச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓபன்பிஎஸ்டியில் இன்னொரு நிரலர் அதைப் படித்து "ஓகே" என்று எழுதிய பிறகே மூல நிரலில் சேர்ப்பது வழக்கம். யார் ஓகே சொன்னார் என்பதும் மாற்றக் குறிப்பிலேயே பதிவாகிவிடும். மிகவும் நல்ல வழக்கம் இது. ஆனால் நூற்றுக்கணக்கான வரிகள் இடம் மாறும் ஒரு சீரமைப்பில், கழித்தல் குறியிட்ட ஒரு நிபந்தனை வரி மற்ற கழித்தல் வரிகளைப் போலவேதான் தெரியும். அது போனதால் நிரல் ஓடுவது நிற்காது. எந்தச் சோதனையும் தோற்காது. அந்த வரி எதற்காகப் பிறந்தது என்ற நினைவு வாசிப்பவரின் மனதில் இருந்தால்தான் உண்டு.

இப்போது ஓபன்பிஎஸ்டிக்கு வருவோம். அங்கேயும் அதே நிரல், அதே 120 விநாடி, அதே மணி. ஆனால் அங்கே அழைக்கப்படுவது சிஸ்லாக் அல்ல, 2001இலேயே அவர்கள் உருவாக்கிவைத்த சிஸ்லாக்-ஆர் என்ற மாற்று. சிக்னலின் நடுவே அழைத்தாலும் குழப்பம் வராதபடி எழுதப்பட்டது அது. பொதுப் பட்டியலைத் தொடாது. தனக்குத் தந்த இடத்துக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். ஆகவே 2020இல் அந்த வரி காணாமல் போனபோது ஓபன்பிஎஸ்டியில் எதுவும் மாறவில்லை. பாதுகாப்பு அந்த வரியில் இல்லை, அதற்குக் கீழே அஸ்திவாரத்தில் இருந்தது.

இது தற்செயலும் அல்ல. 1996இல் ஓபன்பிஎஸ்டியினர் தங்கள் மூல நிரல் முழுவதையும் கோப்பு கோப்பாகப் படித்துச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் ஒரு பிழை கிடைத்தால் அதை மட்டும் திருத்திவிட்டு நகர மாட்டார்கள். அதே மாதிரித் தவறு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று மொத்த நிரலையும் சலிப்பார்கள். ஒரே தவறு பத்து இடங்களில் இருந்தால், குறையைப் பத்து நிரலர்களின் கவனத்தில் தேடாமல், அவர்கள் பயன்படுத்திய கருவியில் தேடுவார்கள்.

சொற்களை நகலெடுக்கும் ஸ்டிர்-எல்-காப்பி என்ற செயல்கூறு பிறந்த கதையும் இதுவே. சி மொழியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, கடைசியில் ஒரு பூஜ்ஜிய பைட் வேண்டும். எட்டு பைட் பெட்டியில், ஆங்கிலத்தில் எட்டு எழுத்துள்ள ஒரு பயனர் பெயரை ஸ்டிர்-என்-காப்பி என்ற பழைய செயல்கூறு கொண்டு நகலெடுத்தால், எட்டு எழுத்தும் பெட்டியை நிறைத்துவிடும். பூஜ்ஜியத்துக்கு இடம் இருக்காது. பின்னால் படிப்பவர் பெயர் முடிந்தது தெரியாமல் அடுத்த பெட்டிக்குள்ளும் படித்துக்கொண்டே போவார். டாட் மில்லரும் தியோ டி ராட்டும் உருவாக்கிய ஸ்டிர்-எல்-காப்பி ஏழு எழுத்தை வைத்து எட்டாவதில் பூஜ்ஜியத்தைப் போடும். கூடவே "உன் பெயர் எட்டு எழுத்து" என்று திருப்பிச் சொல்லும், பெயர் வெட்டுப்பட்டதை அழைத்தவர் அறிந்துகொள்ளலாம். 1998இல் ஓபன்பிஎஸ்டி 2.4இல் வந்த இதை, லினக்ஸின் பெரும்பாலான வகைகள் நம்பியிருக்கும் குனு சி நூலகம் ஏற்றுக்கொண்டது 2023இல்தான். இத்தனை எளிய ஒன்றுக்கு 25 ஆண்டுகள் ஆனது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஓபன்பிஎஸ்டியிலோ பழைய ஸ்டிர்-காப்பியை யாராவது பயன்படுத்தினால், நிரலை இணைக்கும்போதே லிங்கர் எச்சரிக்கை விடுகிறது.

ஓபன்பிஎஸ்டி தவறே செய்யாது என்று சொல்லவில்லை. 2007இல் அதன் கெர்னலிலேயே, ஐபிவி6 என்ற இணைய நெறிமுறையின் தரவுப் பொட்டலங்களைக் கையாளும் இடத்தில் தொலைவிலிருந்து நுழையும் ஓட்டை கிடைத்தது. 2020 ஜனவரியில் அவர்களுடைய மின்னஞ்சல் சர்வரான ஓபன்எஸ்எம்டிபிடியிலும் கடுமையான பிழை வெளியானது. கண்டுபிடித்தவர்கள் இதே குவாலிஸ்தான்.

காணாமல் போன வரிக்குத் திரும்புகிறேன். குவாலிஸ் அறிவித்த அன்றே ஓபன்எஸ்எஸ்எச் 9.8 வெளியானது. அந்த வரியை மட்டும் பழைய இடத்தில் ஒட்டித் தைப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தொல்லை தரும் இணைப்புகளுக்குத் தண்டனை விதிக்கும் ஏற்பாட்டுக்காக ஜூன் மாதத்திலேயே அமைப்பை மாற்றியிருந்தார்கள். வாசலில் நின்று புதிய இணைப்புகளை ஏற்பது ஒரு புரோசஸ். வந்தவரோடு பேசுவது இன்னொரு புரோசஸ். 120 விநாடி முடிந்து மணி அடித்தால், பேசிக்கொண்டிருந்த புரோசஸ் எந்தப் பதிவேட்டையும் தொடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொல்லிவிட்டு அந்த நொடியிலேயே தன்னை முடித்துக்கொள்கிறது. வாசலில் நிற்கும் புரோசஸ் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கையில் இருக்கும் வேலையை முடித்த பிறகு, "இன்னாருக்கு நேரம் முடிந்துவிட்டது" என்று நிதானமாக எழுதுகிறது.