அப்பப்பாவின் பென்சன் புத்தகத்தை வெட்டாதீர்கள்

போன கிழமை ஆரையம்பதியிலிருந்து ஒரு ரீச்சர் வந்திருந்தார். கையில் பளபளவென்று லமினேட் பண்ணிய நாலு அட்டை. "ஐயா, எங்கட அப்பப்பா வெள்ளைக்காரன்ட ஆமியில இருந்தவர். இது அவர்ட பென்சன் புத்தகம்" என்றார்.

புத்தகமாக இருந்ததைத் தாள் தாளாகப் பிரித்து, உறைக்குள் அடங்கும்படி ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள். படை நம்பர் இருக்கும் மேல் மூலையிலேயே கத்தரி போயிருக்கிறது. மிஞ்சியது கடைசி மூன்று இலக்கம். செலவு மிச்சம் பிடிக்க இரண்டிரண்டு தாளை முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உறையில் அடைத்ததால் உட்பக்கங்களும் மறைந்துபோய்விட்டன. செய்தது அவருடைய தம்பி. பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார்.

முப்பது வருசம் பிரதேச செயலகங்களில் ஓய்வூதிய விடயம் பார்த்தவன் நான். இந்த வருசத்தில் இப்படி வெட்டுப்பட்டு என் மேசைக்கு வந்தது இது ஐந்தாவது. இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் எழும்பிப் போகும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "லண்டனில மிச்சக் காசு கிடக்குதாமே ஐயா?"

கிடக்கவில்லை. பென்சன் வயல்காணி மாதிரி முதிசம் இல்லை. எடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று விதானையார் ஒப்பமிட்ட காலத்திலும் சரி, கிராம சேவகர் ஒப்பமிட்ட காலத்திலும் சரி, அந்த உயிர்ச்சான்று இருக்கும்வரைதான் காசு வரும். ஆள் கண்மூடினால் அவருடைய பென்சனும் முடிந்தது. அதன் பிறகு விதிகள் இடம் கொடுத்தால் விதவைக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைத்திருக்கலாம். பேரப்பிள்ளைக்கு இல்லை, பூட்டப்பிள்ளைக்கும் இல்லை. எடுக்காமல் விட்ட மாதங்கள் வங்கி வைப்பைப் போல வட்டி ஏறிக்கொண்டு எங்கேயும் காத்திருப்பதில்லை. இன்னொன்று. இரண்டாம் உலகப் போருக்கு இங்கிருந்து போன பெரும்பாலானவர்களுக்கு மாதப் பென்சனே கிடையாது. போர் முடிந்து விலக்கியபோது கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். மாதாமாதம் எடுத்தவர்கள் அங்கவீனமானவர்கள், நெடுங்காலம் நிரந்தரப் படையில் இருந்தவர்கள், போரில் செத்தவரின் குடும்பத்தார்.

இதைத் திருப்பித் திருப்பிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "லண்டன் பென்சன் எடுத்துத் தாறன்" என்று வந்த தரகர் ஒருவரிடம் களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நாற்பத்தைந்தாயிரம் ரூபாயையும் மூலச் சம்பளப் புத்தகத்தையும் கொடுத்தது. ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. காசைக்கூட மறக்கலாம். அந்தப் புத்தகத்துக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

சரி, தேடுவது எப்படி? "எந்தப் படை" என்று கேட்பதற்கு முன் "பென்சன் கொடுத்தது யார்" என்று நான் கேட்பேன். காசு கொடுத்த கையில்தான் கோப்பு இருக்கும். பென்சன் எடுத்தவர் என்பதற்காக ஒருவர் படைவீரர் ஆகிவிட மாட்டார். 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்த பிறகு ரயில்வே பென்சன்காரர் நம்மூரில் எத்தனை பேர்! "அப்பப்பா நேவியில இருந்தவர்" என்று வருகிற பாதிப் பேரின் அப்பப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தச்சராகவோ கிளாக்கராகவோ இருந்தவர். 1957இல் பிரித்தானியர் அந்தத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அங்கே சிவில் வேலையாட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதுவும் மரியாதையான வரலாறுதான். ஆனால் அவர்களைக் கடற்படை வீரர்களின் பட்டியலில் தேடினால் வாழ்நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

அடுத்தது இடம். கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் அம்பாறையில் அலைந்துவிட்டு "ஒன்றும் இல்லையாம்" என்று வருகிறார்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். 1946இல் உங்கள் மூத்தப்பா பென்சன் எடுத்திருந்தால் அது மட்டக்களப்புக் கச்சேரி, அதாவது அந்நாளைய மாவட்ட அரசாங்க அலுவலகத்தின் கணக்கு. பழைய கச்சேரி ஆவணங்களுக்கும் வர்த்தமானிகளுக்கும் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும்.

பெயரை நம்பாதீர்கள். சின்னத்தம்பி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயரை முதலெழுத்தாக்கியும் விடுவார்கள். கதிராமத்தம்பியின் மகன் சின்னத்தம்பி அங்கே 'எஸ். கதிராமத்தம்பி' ஆகியிருப்பார். ஆளைப் பிடித்துத் தருவது நம்பர்தான். அதனால்தான் ரீச்சரின் தாளில் வெட்டுப்பட்ட அந்த மூலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பிரித்தானிய ராணுவக் கணக்கில் இருந்தவர் என்று உறுதியானால் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். முதலாம் போர்க்காலச் சேவைக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. பென்சன் அமைச்சிடம் தனியாக இருந்தவை தப்பின. பென்சன் தாளை நான் பெரிதாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1920க்குப் பிந்திய சேவைக் கோப்புகளும் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அங்கே மாற்றப்படத் தொடங்கின. போர்க்காலத்தில் இறந்தவர் என்றால் பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இரண்டாம் போர் என்றால் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். உயிரோடு திரும்பியவரை அதில் தேடிவிட்டு "பெயரே இல்லை" என்று அழாதீர்கள்.

பதக்கம் இருக்கிறதா? முதலாம் போர்ப் பதக்கம் என்றால் விளிம்பிலோ பின்பக்கத்திலோ நம்பரும் பெயரும் படையணியும் பொறித்திருக்கும். பளபளப்பாக்க நகைக்கடையில் கொடுத்துத் தேய்த்துவிடாதீர்கள். இரண்டாம் போருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரங்களில் பொதுவாகப் பெயர் இல்லை, அதை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது.

லமினேட் வேண்டாம். செலோடேப் வேண்டாம். ஸ்டேப்ளர் வேண்டாம். யன்னல் வெளிச்சத்தில் வைத்து, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பென்சிலால் கிறுக்கிய எண்ணும், வட்ட முத்திரையின் பாதியும்கூட எனக்கு வேண்டும். மூலத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். 78 சூறாவளியில் கூரை போன வீட்டில், சுனாமியில், இடம்பெயர்வில் எத்தனை தாள்கள் அழிந்தன என்று எங்களுக்குத் தெரியும். இவ்வளவையும் தாண்டி வந்த ஒரு தாளை நாங்களே கத்தரிக்கலாமா? உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ரீச்சரின் தம்பி அயன்பொக்ஸ் வைத்து உறையைப் பிரிக்கப் பார்த்திருக்கிறார். நல்ல வேளை, ரீச்சர் தடுத்துவிட்டார். நான் போன் டோர்ச்சை அட்டைக்குக் கீழே பிடித்தேன். ஒட்டிப்போன உட்பக்கத்து எழுத்து இடம் வலம் மாறி மெல்லத் தெரிந்தது. படம் எடுத்து, போனிலேயே இடம் வலமாகத் திருப்பினோம். அடுத்த உறவினர் என்ற இடத்தில் தாயின் பெயர், ஊர் ஆரையம்பதி. அப்பப்பாவின் தாய்க்கு என்ன பெயர் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாதாம். ரீச்சர் அதை இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தார். அந்தப் பெயரையும் மிஞ்சிய மூன்று இலக்கத்தையும் வைத்துத்தான் இப்போது கடிதம் எழுதியிருக்கிறோம்.