நுரைக்குள் என்ன வாயு? சிங்கப்பூரில் பாலியூரித்தேன் செய்வோருக்கான விதிகள்

மெத்தை, சோபா குஷன், குளிர்பதன அறையின் சுவர்ப் பலகை என்று நம்மைச் சுற்றி இருக்கும் நுரைகளில் பெரும்பகுதி பாலியூரித்தேன்தான். பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் வாயுவாகி, புளித்த மாவைப்போல் கலவையைப் பொங்கவைப்பது ஊதுபொருள். ஓசோன் விதிகள் பிடிப்பது இந்த ஊதுபொருளைத்தான்.

முன்பெல்லாம் சிஎஃப்சி (குளோரோஃபுளோரோகார்பன்) வகையைச் சேர்ந்த சிஎஃப்சி-11 என்ற ஊதுபொருள் பயன்பட்டது. தீப்பிடிக்காது, வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஓசோன் படலத்தை அரித்தது. ஓசோனை அரிக்கும் பொருட்களைக் குறைப்பதற்கான உலக ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்பாட்டில் சிங்கப்பூர் 1989இல் சேர்ந்தது. அதே ஆண்டு சிஎஃப்சி-க்கு ஒதுக்கீட்டு முறையும் வந்தது: பாதி பழைய பயன்பாட்டுக் கணக்குப்படி, மீதி டெண்டரில். வாங்கும் செலவு ஏறியதும் தொழிற்சாலைகள் மாற்று தேடின. நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்து வந்த, எச்சிஎஃப்சி வகை ஊதுபொருளான எச்சிஎஃப்சி-141பி ஓசோனுக்குச் செய்யும் கேடு, சிஎஃப்சி-11 செய்வதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. உடன்பாட்டின்படி எச்சிஎஃப்சி பயன்பாடு 2025இல் 67.5 சதவீதம் குறைய வேண்டும். 2030க்குப் பிறகு பெரும்பாலும் பழைய குளிர்சாதனங்களைப் பராமரிக்க மட்டும் சிறிதளவு கிடைக்கும். இதை நம்பிப் புது இயந்திரம் வாங்காதீர்கள்.

சரி, அதற்கு மாற்றாக வந்த எச்எஃப்சி வகையின் எச்எஃப்சி-245எஃப்ஏ? ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. அதனால் 2019 முதல் எச்எஃப்சி இறக்குமதி, ஏற்றுமதிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். எச்எஃப்சி பயன்பாட்டைக் குறைக்க மான்ட்ரியல் உடன்பாட்டில் சேர்க்கப்பட்ட கிகாலி திருத்தத்தையும் 2022இல் சிங்கப்பூர் ஏற்றது. டிரம்மில் 'ஓசோனுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதியிருப்பதால் மட்டும் உரிமம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

மெத்தை நுரைக்குத் தண்ணீரே போதும். ஐசோசயனேட்டோடு சேர்ந்து கரியமில வாயுவைத் தரும். குளிர்பதனப் பலகைக்கு அது அவ்வளவு ஏற்றதல்ல, அந்த வாயு நுரையறைகளிலிருந்து மெல்ல வெளியேற வெப்பத்தடுப்பு குறைந்துவிடும். அங்கே சைக்ளோபென்டேன் என்ற ஊதுபொருள் உதவும். விலை குறைவு, ஆனால் எளிதில் தீப்பற்றும். நல்ல காற்றோட்டமும், வாயுக்கசிவைக் காட்டும் கருவியும், தீப்பொறி வராத மின்சாதனங்களும் அவசியம். வைத்திருக்கும் அளவைப் பொறுத்துக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமமும் தேவைப்படும். இன்னொரு ஊதுபொருளான எச்சிஎஃப்ஓ-1233இசட்டி தீப்பிடிக்காது, விலைதான் அதிகம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஊதுபொருள் பெரும்பாலும் பாலியாலில் கலந்தே வருகிறது, விலைப்பட்டியலில் 'பாலியால்' என்று மட்டும் இருக்கும். ஆர்டர் போடுமுன் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கி, அதன் 3ஆம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். எச்சிஎஃப்சி, எச்எஃப்சி எது இருந்தாலும், சரக்கு கப்பலேறும் முன்பே அந்தத் தாளை வாரியத்துக்கு அனுப்பி, என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.