வெள்ளை வளையம் மஞ்சள் கோடாவது எப்படி?

இலங்கை மலையகத்தின் நானுஓயாவிலிருந்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: "கருநீல உடம்பில் வெள்ளை வெள்ளையாக வளையம் போட்ட ஏஞ்சல் மீன் ஒன்றை நீர்கொழும்பில் வாங்கி வந்தேன். விரல் நீளம் இருந்தது இப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. வளையங்கள் உடைந்து மஞ்சள் கோடுகள் ஓடத் தொடங்கிவிட்டன. நிறம் மாறும் மீன் வீட்டுக்கு ஆகாது, ஆற்றில் விட்டுவிடு என்கிறார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா? தண்ணீரில் கோளாறா?"

முதலில், ஆற்றில் விட்டுவிடாதீர்கள். கடல் மீன் நன்னீரில் சில மணி நேரம்கூடத் தாங்காது. குடும்பத்தின் கஷ்டத்தை மீன் தலையில் கட்டுவது நம்மிடம் பழைய வழக்கம். வாஸ்து மீன் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குவதும், செத்தால் 'நமக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது' என்று ஆறுதல்படுவதும் அதே வகைதான். பெரும்பாலும் அந்த மீன் வாங்கிக்கொண்டது தொட்டிக் கழிவில் சேரும் அமோனியாவைத்தான்.

உங்களிடம் இருப்பது எம்பரர் ஏஞ்சல். நோய் ஒன்றுமில்லை, பெரிய மீனாகிறது, அவ்வளவுதான். குஞ்சுக்கும் முதிர்ந்த மீனுக்கும் உருவ ஒற்றுமையே கிடையாது. குஞ்சைத் தனி இனம் என்று எண்ணி, நிக்கோபார் தீவின் பெயரில் ஒரு விலங்கியல் பெயரே வைத்திருந்தார்கள். முதிர்ந்த மீன் 40 சென்ரிமீற்றர் வரை வளரும். தன் எல்லைக்குள் தன்னைப் போலவே கோடு போட்ட இன்னொன்றைக் கண்டால் துரத்தித் துரத்திக் கடிக்கும். குஞ்சின் வேற்று உடுப்பு இந்த அடியிலிருந்து தப்பிக்கத்தான் என்பது பரவலான விளக்கம். 8 முதல் 12 சென்ரிமீற்றர் அளவில் மாற்றம் தொடங்கும், முடியப் பல மாதங்கள் எடுக்கும்.

ஏன் மாறுகிறது என்பதைவிட எனக்குப் பிடித்த கேள்வி, எப்படி மாறுகிறது என்பது. மீனின் தோலில் கறுப்பு நிறப்பொருள் வைத்திருக்கும் கலங்கள் உண்டு, மஞ்சள் கலங்கள் உண்டு, குவானின் என்ற பொருளின் பளிங்குகளை அடுக்கி ஒளியைத் திருப்பி அனுப்பும் மினுக்கக் கலங்களும் உண்டு. ஏஞ்சலின் நீலம் பெரும்பாலும் சாயம் அல்ல, அந்தப் பளிங்குகள் ஒளியோடு செய்யும் வித்தை. இத்தனை கலங்களில் ஒன்றுக்கும் முழு உடம்பின் வரைபடம் தெரியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அப்படியிருக்க, அளவெடுத்தாற்போல் சம இடைவெளியில் கோடுகள் எப்படி விழுகின்றன?

கணினியியலின் தந்தை என்று நாம் பள்ளியில் படித்த அலன் டூரிங், 1952இல் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். இரண்டு காரணிகள் போதும் என்றார். ஒன்று தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும், கூடவே தன்னை அடக்கும் இரண்டாவதையும் உண்டாக்கும். அந்த இரண்டாவது, முதலாவதைவிட வெகு தூரம் பரவ வேண்டும். இந்த நிபந்தனை பொருந்திவிட்டால், எங்கும் ஒரே சீராக இருந்த பரப்பு தானாகவே குலைந்து கோடுகளாகவோ புள்ளிகளாகவோ பிரிந்துவிடும்.

ஹட்டன் வீதியில் ஒரு வடைக்கடை நன்றாக ஓடத் தொடங்கியதாக வையுங்கள். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளும் நிற்பார், ஓடும் வேனும் நிற்கும். கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கிறது. அதே கடை இரு பக்கமும் கொஞ்சத் தூரத்துக்கு எல்லா வாடிக்கையாளரையும் இழுத்துக்கொள்வதால், அதற்குள் இன்னொருவர் கடை போட்டால் கடை எழும்பாது. அந்தத் தூரத்தைத் தாண்டினால் மறுபடி ஒரு கடைக்கு இடம் இருக்கிறது. ஆகவே யாரும் அளந்து கொடுக்காமலே கடைகள் ஏறக்குறைய சம தூரத்தில் அமைந்துவிடும். இப்போது வீதி இழுபட்டு இரட்டிப்பு நீளமாகிறது என்று வையுங்கள். கடைகள் அகலமாவதில்லை. இரண்டு கடைக்கு நடுவே யாருடைய இழுப்புக்கும் எட்டாத வெற்றிடம் ஒன்று பிறக்கிறது, அங்கே புதுக்கடை முளைக்கிறது. கடைகளுக்கிடையேயான தூரத்தைத் தீர்மானிப்பது வீதியின் நீளம் அல்ல, இழுப்பு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதுதான்.

டூரிங்கின் கணக்கை உயிரியலாளர்கள் நெடுங்காலம் வெறும் கணக்காகவே பார்த்தார்கள். வரிக்குதிரையின் வரியை வைத்து எதையும் சோதிக்க முடியாது, உடம்போடு சேர்ந்து வரியும் அகலும், அவ்வளவுதான். உடம்பு வளரும்போது புதுக்கோடு முளைக்கிற பிராணி ஒன்று தேவைப்பட்டது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிகெரு கொண்டோவும் ரிஹிதோ அசாயும் அதைக் கடல் ஏஞ்சலில் காட்டி 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். எம்பரரின் நெருங்கிய உறவான அரைவட்டக்கோட்டு ஏஞ்சல் 2 சென்ரிமீற்றர் இருக்கும்போது அதன் உடம்பில் மூன்றே மூன்று செங்குத்துக் கோடுகள். 4 சென்ரிமீற்றர் வரும்வரை அவற்றின் இடைவெளி மட்டும் அகலும். அந்த அளவைத் தொட்டதும் ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் புதுக்கோடு தோன்றும், இடைவெளி பழைய அகலத்துக்கே திரும்பிவிடும். 8, 9 சென்ரிமீற்றரில் அதே கூத்து மறுபடியும்.

எம்பரரில் நடப்பது இன்னும் அழகு. முதிர்ந்த மீனின் மஞ்சள் கோடுகள் தலையிலிருந்து வால் பக்கம் கிடையாக ஓடுபவை. அங்கங்கே ஒரு கோடு Y எழுத்தைப் போல் கவராகப் பிரிந்து இரண்டாக ஆவதைக் காண்பீர்கள். உடம்பு வளர வளர அந்தக் கவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோட்டின் வழியே மெல்ல நகர்ந்துகொண்டே போகும், போகும் வழியெல்லாம் ஒற்றைக்கோடு இரட்டையாகும். கடைசியில் கவர் விளிம்பைத் தொட்டு மறையும்போது, முன்பு இருந்ததைவிட ஒரு முழுக்கோடு கூடியிருக்கும். கணினியில் டூரிங் சமன்பாட்டை ஓடவிட்டபோதும் கவர் இதேபோல் நகர்ந்தது. அதாவது அந்தக் கோடு தோலில் ஒருமுறை தீட்டி முடித்த படம் அல்ல, ஒவ்வொரு நாளும் கலங்களின் இழுபறியில் தாங்கி நிற்கும் அலை.

இதை உங்கள் தொட்டியிலேயே பார்க்கலாம். வாரம் ஒருமுறை, மீனின் இடப்பக்கத்தை மட்டும், கண்ணாடிக்கு நேராக ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வலப்பக்கத்தின் கோடுகள் வேறாக இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ணாடியில் ஒரு சிறு அடிமட்டத் துண்டை ஒட்டிவிட்டால் நீளமும் தெரியும். இரண்டு மூன்று மாதப் படங்களை அடுத்தடுத்து ஓட்டினால் கவர் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

பிறகு வரிக்குதிரை மீனில், நன்னீர்த் தொட்டிகளில் விற்கும் அந்தச் சாதாரண ஸீப்ரா மீனில்தான், லேசர் கொண்டு நிறக்கலங்களை அழித்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த முடிவின்படி, கோடுகள் திரும்ப வந்தன, ஆனால் பழைய திசையில் அல்ல. படம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். தூரத்துக்கு எட்டும் 'இழுப்பு' என்பது கரைந்து பரவும் வேதிப்பொருளாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஸீப்ரா மீனில் நிறக்கலங்கள் நீட்டும் மெல்லிய நீட்சிகளுக்கு இதில் பங்கு உண்டு. 1995 ஆய்வின் ஆதாரமே தொட்டியில் வளர்ந்த மீனின் படங்கள்தான், இதை நம் நாட்டில் செய்ய முடியாதா? எம்பரர் நம் கரையோரப் பவளப்பாறைகளிலேயே வாழ்கிறது. ஆனால் 'இதனால் என்ன இலாபம்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தோடு யாரும் மீனின் கோட்டை எண்ணப் போக மாட்டார்கள்.

தொட்டிக்கு வருவோம். இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிட்ட எம்பரர்கள் வீட்டுத் தொட்டிகளில் ஏராளம். கோடு மங்கலாக, உடம்பு சாம்பல் பூத்து, முகத்தில் குழி குழியாகத் தோல் அரித்து இருக்கும். முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல்தான் வர வேண்டும். மஞ்சளுக்கான கரோட்டினாய்டு நிறப்பொருள்களை மீனால் தானே உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் வர வேண்டும். கடலில் இது கடற்பஞ்சும் பாசியும் மேய்வது. நாளுக்கு ஒருமுறை இறால் துண்டு போட்டால் போதாது. ஸ்பிருலினா என்ற நுண்பாசி கலந்த உணவு, உப்பு, மசாலா சேராத காய்ந்த கடற்பாசித் தாள், மைசிஸ் என்ற சிற்றிறால், தோலோடு அரைத்த இறால், ஓட்டோடு மட்டி, கிடைத்தால் கடற்பஞ்சு சேர்த்த உறைந்த உணவு, இவற்றை நாளுக்கு மூன்று நான்கு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நுவரெலியா கரட் மலிவு என்று துருவிப் போடுவதை விட்டுவிடுங்கள். தோலின் மஞ்சளுக்கு அது கடற்பாசிக்கும் இறாலுக்கும் ஈடாகாது.

மலையகத்துக்கே உரிய சிக்கல் ஒட்சிசன். 25 பாகை செல்சியஸ் கடல் நீர், கடல் மட்டத்தில் லீட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். 1868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் வளி அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் எவ்வளவு குமிழி விட்டாலும் 5.4ஐத் தாண்டுவது கஷ்டம். அதைவிடத் தாழ்வான ஹட்டனில் கொஞ்சம் தேவலை. இரவில் பாசியும் பக்டீரியாவும் மூச்சு விடும்போது இன்னும் இறங்கும். கொழும்பில் சரிப்படும் மீன் எண்ணிக்கை இங்கே சரிப்படாது. 400 லீட்டர் தொட்டி என்றால் மணிக்கு 4000 லீட்டர் சுழற்சி, நீர்மட்டத்தை உடைக்கும்படி ஒரு பம்பின் வாய், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரட்டிப்புக்குக் குறித்த, காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மர் வையுங்கள். வெப்பநிலை 27 வேண்டாம், 25 போதும். ஒட்சிசனும் கூடும், கரண்ட் பில்லும் குறையும்.

குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, உள்ளே அடுப்பும் எரிந்தால் அறையில் காபனீரொட்சைட்டு ஏறும், தொட்டி நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். 7.8க்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து ஊற்றி ஏற்றப் பார்ப்பார்கள், மறுநாள் காலை திரும்ப அதே அளவு. ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டாலே பெரும்பாலும் சரியாகும். ஒரே நிபந்தனை, அந்த ஜன்னல் மரக்கறித் தோட்டத்தைப் பார்த்து இருக்கக்கூடாது. லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கும் பூச்சிமருந்தின் ஆவியை ஸ்கிம்மர் நேரே தண்ணீரில் கலந்துவிடும்.

சூடாக்கக் கொழும்பில் யாரும் யோசிப்பதில்லை, அங்கே குளிர்விப்பான் வாங்குவதுதான் கவலை. இங்கே அறை 12 பாகைக்கு இறங்கும் இரவில், 120, 60, 60 சென்ரிமீற்றர் அளவுள்ள மூடாத தொட்டி 400 வாட் அளவுக்கு வெப்பத்தை இழக்கும். அதில் பாதிக்கு மேல் மேற்பரப்பு வழியே. 600 வாட் ஹீட்டர் ஒன்று வேண்டாம், 300 வாட் இரண்டு வாங்கி வெப்பநிலை பார்த்து அணைக்கும் வெளிக் கட்டுப்படுத்தி ஒன்றோடு இணையுங்கள். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. பின்புறத்துக்கும் இரு பக்கத்துக்கும் ஓரங்குல ரிஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டுங்கள். கண்ணாடி மூடி போடுங்கள், விரலிடை விட்டு. முழுக்க மூடினால் ஒட்சிசன் கணக்கு உதைக்கும். கரண்ட் போனால் தொடக்கத்தில் மணிக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக இறங்கும், அதை மீன் சமாளிக்கும். சமாளிக்க முடியாதது பம்ப் நிற்பது. 2022இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு பற்றரிக் காற்றுப் பம்பின் அருமை சொல்லத் தேவையில்லை.

மலையூற்றுப் பீலித் தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே என்று உப்பைக் கரைத்து ஊற்றாதீர்கள். மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் உரத்தின் நைத்திரேற்று அதில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆர்.ஓ. வடிகட்டியும் அயன் நீக்கும் பிசினும் சேர்ந்த நீரில், லீட்டருக்கு 36 முதல் 38 கிராம் கடலுப்புக் கலவை போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, உப்பை அளக்கும் ரிஃபிராக்டோமீற்றரில் அடர்த்தி 1.025 வந்த பின் ஊற்றுங்கள். குளிர் அறையில் சூடான தொட்டி வேகமாக ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. தினமும் நன்னீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல.

இன்னொரு மீன் கொண்டுவருவதானால் பயணமும் ஒரு கணக்கு. ஏஞ்சலின் செவுள் மூடியின் கீழ்மூலையில் கூர் முள் ஒன்று உண்டு. வண்ணத்துப்பூச்சி மீனிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளமே அதுதான், பையைக் கிழிப்பதும் அதுதான். இரண்டு பை, நடுவே பத்திரிகைத் தாள் என்று கடைக்காரரிடம் சொல்லிப் போடுங்கள். கரையில் இறுக்கமாக ஊதிய பை, மலை ஏற ஏற ஏறக்குறைய கால் பங்கு விரிய முயலும். முக்கால் அளவுக்கு ஊதச் சொல்லி ரிஜிபோம் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறி, பி.எச். ஏறி, அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாகும். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தி, உவர்த்தன்மை ஏறக்குறைய ஒத்திருந்தால், திறந்த கையோடு மீனை மட்டும் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள்.

ஆனால் இரண்டாவது எம்பரர் வேண்டாம். முதலாவதன் மஞ்சள் கோடுகள் முழுமையாகிவிட்டால், 400 லீட்டரில் இரண்டுக்கும் இடமில்லை. அந்த ஒன்றுக்கே இரண்டு வருடத்துக்குள் 800 லீட்டராவது தேட வேண்டியிருக்கும். துணை வேண்டுமென்றால் 10 சென்ரிமீற்றர் அளவோடு நிற்கும் குள்ள ஏஞ்சல் ஒன்று போதும். அரிய இனம் என்று விலை சொல்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இது இருக்கிறதா, தொட்டியில் பிறந்ததா கடலில் பிடித்ததா? இரண்டாவதற்குப் பெரும்பாலும் 'கடல்' என்றுதான் பதில் வரும். ஏஞ்சல் முட்டை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலிருந்து வரும் குஞ்சின் வாய்க்கு, மீன் பண்ணைகளில் வழக்கமாகக் கொடுக்கும் ரொட்டிஃபர் என்ற நுண்ணுயிரே பெரிது. கோப்பிபொட் என்ற நுண்ணிய ஓட்டுயிரியின் குஞ்சுகளை நாள் தவறாமல் வளர்த்துக் கொடுப்பவர்களால் மட்டுமே அதைக் காப்பாற்ற முடிகிறது. அதனால்தான் பண்ணையில் பிறந்த ஏஞ்சலின் விலை அவ்வளவு, அந்த விலையைக் கொடுப்பதில் தவறில்லை.