கீழே கிடக்கும் குஞ்சை உடனே தூக்காதீர்கள்

பங்குனி பிறந்தால் என் கிளினிக்குக்குப் பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். செருப்புப் பெட்டி, ஸ்வீட் பெட்டி, ஒருமுறை டிபன் கேரியரின் மேலடுக்கு. உள்ளே ஏதாவது ஒரு குஞ்சு இருக்கும். கொண்டுவந்தவர் வெயிலில் வண்டி ஓட்டி வேர்த்து நிற்பார். "சார், அம்மா இல்லாம கிடந்துச்சு."

ஆடு, மாடு, நாய் பார்க்கிற கால்நடை மருத்துவன் நான். பறவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்தப் பெட்டிகளிலிருந்து கற்றது. இப்படி வருகிற குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அம்மா இருக்கிறது. நாம்தான் நடுவில் புகுந்து தூக்கிவிடுகிறோம்.

ஒரு ஏப்ரலில் கல்லூரி மாணவர் ஒருவர் புள்ளி ஆந்தைக் குஞ்சைக் கொண்டுவந்தார். வாகை மரத்தடியில் கிடந்ததாம். உடம்பெல்லாம் இறகு முளைத்திருந்தது. தலையில் மட்டும் கொஞ்சம் பஞ்சு. இறக்கை இரண்டும் சரியாக மடங்கின, காயம் ஏதுமில்லை. மஞ்சள் கண்ணை உருட்டி என்னை முறைத்தது. சாயங்காலம் அதே மரத்தில், கைக்கு எட்டும் கிளைக்கவட்டில் உட்கார வைத்துவிட்டு எதிர்ப்புற டீக்கடையில் காத்திருந்தோம். இருட்டத் தொடங்கியதும் தாய் வந்தது, வாயில் வெட்டுக்கிளியோடு. அந்தப் பையன் டீயை ஆற விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுந்தது அல்ல. பறக்கப் பழகுகிறது. நாய், பூனை வராத உயரத்தில் பக்கத்துச் செடியில் விட்டால் போதும். கண் திறக்காமல் வெறும் தோலாகக் கிடந்தால் மட்டும் அதைக் கூட்டிலேயே வைக்க வேண்டும். கோடைமழைக் காற்றில் கூடே விழுந்துவிட்டதா? அடியில் ஓட்டை போட்ட சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே கிளையில் நிழல் பார்த்துக் கட்டுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

அப்புறம் இந்தப் பால், பிரட், இட்லி. பாவம், பசிக்குமே என்றுதான் கொடுக்கிறார்கள். பறவைக்குப் பால் செரிக்காது. தண்ணீர் அதைவிட மோசம். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. சொட்டு மருந்துபோல அலகில் விட்டால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். என் மேஜையில் செத்த குஞ்சுகளில் சில விழுந்ததால் சாகவில்லை, தண்ணீர் ஊட்டியதால் செத்தன. இதைக் கொண்டுவந்தவரிடம் சொல்ல மனம் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ரத்தம் வந்தாலோ, இறக்கை தொங்கினாலோ, பூனை கவ்வியிருந்தாலோ தாமதிக்காதீர்கள். பூனைப் பல் பட்ட இடம் வெளியே தெரியாது, ஆனால் அதன் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். காற்றுத் துளை போட்ட பெட்டியில் துணி விரித்து, மூடி, அன்றைக்கே மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேருங்கள். வீட்டில் வைத்து வளர்க்க நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுப் பறவைகளின் முட்டையை, கூட்டை அழிப்பதும் அப்படித்தான்.

இந்த மாதங்களில் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் கூடுகள் எங்கும் தெரியும். செம்பு தட்டுவதுபோல் டொங்க் டொங்க் என்று கூப்பிடும் குக்குறுவான், பட்டுப்போன முருங்கைக் கிளையின் அடிப்பக்கம் வட்டமாகத் துளை போட்டிருக்கும். வாசல் கொடியில் குப்பைபோலத் தொங்குவது தேன்சிட்டின் கூடாக இருக்கலாம். மொட்டைப் பனை எதற்கு என்று வெட்டுகிறோமே, அதன் பொந்தில்தான் பனங்காடையும் கிளியும் குஞ்சு பொரிக்கின்றன. கிளை கழிப்பதை இரண்டு மாதம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. தெருவில் காக்கை தலையில் கொத்துகிறதென்றால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது. சில நாள் குடை பிடித்துப் போங்கள்.

படம் எடுக்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கூடு நன்றாகத் தெரிய வேண்டுமென்று மறைப்பாக இருக்கும் இலையை ஒடிக்கிறார்கள். அந்த இலைதான் அதற்குக் கூரை. அக்னி நட்சத்திர வெயிலில் தாய் சிறிது நேரம் ஒதுங்கினாலே வெற்றுக் குஞ்சு தாங்காது.

ஆள்காட்டிப் பறவை அந்த வெயிலிலேயே திறந்த மண்ணில் முட்டையிடுகிறது. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் கோடை உழவுக்கு முன்னால் தன் கொல்லையில் நாலு முட்டையைப் பார்த்தார். சுற்றிலும் குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழச் சொன்னார். உச்சி வெயிலில் பறவை வாய்க்காலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதை அவர்தான் எனக்குக் காட்டினார். ஒருநாள் காலையில் போன் செய்தார். "நாலும் போச்சு டாக்டரே, கீரி தின்னிருக்கும்." போய்ப் பார்த்தேன். தலைக்கு மேலே தாய் கத்திக்கொண்டு சுற்றியது. குச்சிகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. இருங்கள், அசையாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் காலடியில் ஒரு மண்கட்டி எழுந்து ஓடியது.