வழு: பௌதிகவியல் பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய சொல்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை, முதல் அலகான அளவீட்டிலேயே இந்தச் சொல்லைச் சந்தித்துவிடும். பூச்சிய வழு, எழுமாற்று வழு, பின்ன வழு, சதவீத வழு என்று பாடம் முழுக்க வழுதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் இதே இடத்தில் பிழை என்று இருக்கும். அங்கே பூச்சிய வழு சுழிப்பிழை, எழுமாற்று வழு ஒழுங்கற்ற பிழை. ஆங்கிலத்தில் எரர் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு கரையிலும் இரண்டு தமிழ். எது நல்ல தமிழ் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் வழு என்பேன். காரணம் சொல்கிறேன்.

வழு என்பதன் குடும்பம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. வழுவு, வழுக்கு, வழுக்கல், வழுவாமல் எல்லாம் ஒரே வேர். மழை பெய்த மறுநாள் தேயிலை மலைச்சரிவில் கால் வைத்தால் நடப்பது எதுவோ அதுதான் வேர்ப்பொருள்: நிற்க வேண்டிய இடத்திலிருந்து நழுவி விலகுவது. வாய் தவறிக்கூடத் தீய சொல் சொல்லமாட்டார் என்பதைத் திருக்குறள் ‘வழுக்கியும்’ என்ற சொல்லால் சொல்கிறது. அதில் வேண்டுமென்று செய்வது என்ற கருத்தே இல்லை. எரர் வந்த லத்தீன் வினைச்சொல்லுக்கும் அலைந்து திரிவது, வழி விலகுவது என்றே பொருள். ஆக, நம்மவர்கள் கலைச்சொல் தேடியபோது கிட்டத்தட்ட அதே உருவத்தைத் தமிழில் பிடித்திருக்கிறார்கள்.

பிழையும் மட்டமான சொல் இல்லை. யானையைக் குறிவைத்துத் தப்பிய வேலைக் குறள் ‘யானை பிழைத்த வேல்’ என்கிறது. குறி தவறுவதுதான் அதன் பழைய பொருள். சிக்கல் இன்றைய காதில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் பிழை என்றால் சரிக்கு எதிர்ச்சொல். “சரியா பிழையா எனக் கூறுக” என்று வினாத்தாளில் வரும், பிழையானதற்குப் புள்ளடி விழும். அப்படிப் பழகிய பிள்ளையிடம் “உன் அளவீட்டில் உள்ள பிழை எவ்வளவு?” என்று கேட்டால், “ஐயோ, பிழை இல்லை சேர், கவனமாகத்தான் செய்தேன்” என்று பயந்துகொண்டு சொல்லும். ஆனால் வழு இல்லாத அளவீடு உலகத்தில் கிடையாது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இருக்கும்; எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தெரிவதுதான் செய்முறைத் திறன்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழில் மயக்கம் வந்தால் வழு. அதே வழுவுக்கு ஒரு காரணம் இருந்து, பெரியோர் அதை ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. வாசலில் கூப்பிடுகிறார்கள், உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டே “இந்தா வந்துட்டேன்” என்கிறோம். இன்னும் வரவில்லை, இறந்தகாலம் சொல்லியாயிற்று. விரைவு காரணமாக வந்தது என்பதால் அது கால வழுவமைதி. வழுவை மறைக்காமல் பெயரிட்டு, வகைப்படுத்தி, எதை எந்தக் காரணத்தால் ஏற்கலாம் என்று எழுதிவைத்த மரபு இது. பௌதிகவியல் ஆய்வுகூடமும் கேட்பது அதைத்தான். (கணினித் தமிழிலும் மென்பொருளில் வரும் கோளாறுக்கு வழு என்ற பெயர் வழங்குகிறது. அது வேறு கதை.)

சரி, ஆய்வுகூடத்துக்குப் போவோம். மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கையில் எடுத்ததும் கம்பியை வைக்கக் கூடாது. முதலில் வெறுமனே மூட வேண்டும், அதுவும் நுனியில் இருக்கும் சிறிய குமிழைத் திருகி. டிக் டிக் என்று சத்தம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். பெரிய உருளையைப் பிடித்து இறுக்கினால் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறிவிடும். இப்போது தாடைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை, ஆனால் கருவி 0.03 மி.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் பூச்சிய வழு. பிறகு எடுக்கும் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே நின்றால் கூட்ட வேண்டும். நூறு தடவை அளந்து சராசரி எடுத்தாலும் இந்த வழு போகாது, ஏனென்றால் அது எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. இப்படி ஒரே பக்கம் சாய்வது முறைமையான வழு. வாசிப்புக்கு வாசிப்பு மேலும் கீழுமாகச் சிதறுவது எழுமாற்று வழு; அதற்குத்தான் சராசரி உதவும்.

திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை, அதாவது அதில் வாசிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, வழக்கமாக 0.01 மி.மீ. தமிழ்நாட்டில் இதை மீச்சிற்றளவு என்பார்கள். விட்டம் 0.40 மி.மீ. உள்ள கம்பியில் இந்த 0.01 என்பது 2.5 சதவீதம். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்புக்கு விட்டத்தின் வர்க்கம் வேண்டும், அதனால் வழு 5 சதவீதமாகிவிடும். இழுத்தால் கம்பி எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதைச் சொல்லும் யங்கின் மட்டைக் காணும் பரிசோதனையில் கம்பியின் நீளத்தைச் சாதாரண மீற்றர் கோலால் அளந்துவிட்டு, விட்டத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம் என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அமைப்புக் கட்டுரை வினாவில் இதைக் கேட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வரியை எழுதிவிடுகிறார்கள். உயர்தரத்தில் பௌதிகவியலுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லாததால், கருவியைத் தொடாமலேயே புள்ளி எடுத்துவிடவும் முடிகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இனி எளிய ஊசல். ஒரு மீற்றர் நீள ஊசல் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கும். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.1 செக்கன் முந்தினாலோ பிந்தினாலோ அது 5 சதவீதம். 50 அலைவு எண்ணினால் மொத்தம் 100 செக்கன், அதே விரலின் 0.1 செக்கன் இப்போது 0.1 சதவீதம்தான். விரல் திருந்தவில்லை, வழுவின் பங்கு சிறுத்துவிட்டது.

இந்த ஊசலைக் கொண்டு கவனமாகச் செய்து, நுவரெலியாவில் ஒரு பிள்ளை புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு 9.76 என்ற விடையைப் பெற்று, 0.03 கூடலாம் குறையலாம் என்று கணக்கிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் 9.81. உடனே அது பதறும். பக்கத்தில் இருக்கும் நண்பன், “நேரத்தை கொஞ்சம் குறைச்சு எழுது, சரியா வரும்” என்பான். அந்த இடத்தில்தான் ஒரு பௌதிகவியலாளர் உருவாகிறார் அல்லது உருவாகாமல் போகிறார். புத்தகம் 9.81 என்று சுருக்கிச் சொல்லும் நியமப் பெறுமானமான 9.80665 என்பது 1901இல் 45 பாகை அகலக்கோட்டை மனதில் வைத்து உடன்பாடாக எடுத்த எண். நாம் இருப்பது 7 பாகையில், அதுவும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில். பூமத்தியரேகைக்குக் கிட்டே புவி தடித்திருப்பதாலும் சுழற்சியாலும் ஈர்ப்பு குறைகிறது, உயரத்தால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. நுவரெலியாவில் எதிர்பார்க்க வேண்டியது 9.78 அளவு. பிள்ளையின் 9.76 தன் எல்லைக்குள் அதைப் பிடித்துவிட்டது, 9.81ஐ விலக்கியும் விட்டது. “திருத்தி” எழுதியிருந்தால் தன் ஊரின் உண்மையை அழித்திருக்கும். அளவீட்டில் வழு இருந்தது. வழுவைச் சரியாகச் சொன்னதால்தான் விடை பயன்பட்டது. வாசிப்பை மாற்றி எழுதுவது வழு ஆகாது. அதற்குத் தமிழில் பொய் என்று பெயர்.

வெப்பமானியிலும் இப்படி ஒன்று உண்டு. நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பது 94 பாகை அளவில். வளிமண்டல அழுக்கம் குறைவு, அதனால்தான் அங்கே பருப்பு வேக நேரமாகிறது. கொதிக்கும் நீரில் வெப்பமானி 94 காட்டினால் கருவியில் வழு என்று தூக்கி வைத்துவிடக் கூடாது. முதலில் அழுக்கமானியைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆய்வுகூடங்களிலும் இதே ஒழுங்குதான். 2011 செப்டெம்பரில் ஓப்பரா என்ற ஆய்வுக் குழு, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்து 730 கிலோமீற்றர் கடந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வுகூடத்துக்கு வந்த நியூத்திரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக அறிவித்தது. எழுமாற்று வழு, முறைமையான வழு இரண்டையும் தனித்தனியே எண்ணாகக் குறிப்பிட்டு, மற்றவர்களும் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டது. பிறகு பார்த்தால், ஓர் ஒளியிழை வடத்தின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. 2012இல் திருத்தம் வந்தது. கணக்கில் வராத ஒரு முறைமையான வழு எத்தனை நிபுணர்களையும் ஏமாற்றும்.

மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னோர் இடம் இருக்கிறது: கொழுந்து நிறுக்கும் தராசு. சாக்கோடு கொழுந்தைத் தொங்கவிட்டால் தராசு இரண்டின் நிறையையும் காட்டும். சாக்கின் நிறையைக் கழிப்பது நியாயம்தான், பூச்சிய வழுவைக் கழிப்பதும் அதே வேலை. ஆனால் கழிக்கும் முன் அளக்க வேண்டும். வெறும் சாக்கு 600 கிராம் இருக்க, “சாக்குக்கும் ஈரத்துக்கும்” என்று சொல்லி இரண்டு கிலோ கழித்தால், மிச்சம் 1.4 கிலோ எந்த அளவீட்டிலிருந்து வந்தது? ஈரம் நாளுக்கு நாள் மாறும். வெயில் நாளிலும் மழை நாளிலும் ஒரே எண்ணைக் கழிப்பதற்குப் பௌதிகவியலில் இடமே இல்லை. விற்றராசு என்றால் அதன் சுருள் நாட்படத் தளரும், அப்போது முள் பூச்சியத்தில் நிற்காது. வெறும் தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கும், நிறை தெரிந்த படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பதற்கும் பட்டம் தேவையில்லை. வியாபாரத்துக்கு நிறுக்கும் கருவிகள் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பதற்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் அம்மாவின் பிள்ளை தரம் 12இல் பூச்சிய வழு படிக்கும்போது, இந்தத் தராசைத்தான் முதல் உதாரணமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு சொல் வேறுபாடு. அளவிட்ட பெறுமானத்துக்கும் உண்மைப் பெறுமானத்துக்கும் உள்ள விலகல்தான் வழு. உண்மைப் பெறுமானம் நமக்குத் தெரியாததால் அந்த விலகலும் முழுசாகத் தெரியாது. அது எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று சொல்லும் எண்ணுக்கு நிச்சயமின்மை என்று பெயர். அளவீட்டு நிச்சயமின்மை பற்றி 1993இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிட்டது. நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் இரண்டுக்கும் வழு என்றே சொல்கிறோம். பேச்சில் அப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, அது வழுவமைதி. செய்முறைக் கொப்பியில் மட்டும் ‘விட்டம் 0.40 மி.மீ., நிச்சயமின்மை 0.01 மி.மீ., பூச்சிய வழு 0.03 மி.மீ., கழிக்கப்பட்டது’ என்று மூன்றையும் தனித்தனியே எழுதிப் பழகட்டும்.